யார் சொன்னது?

“அண்ணி, நீங்க வாயே திறக்காதீங்க. பேச ஆரம்பிச்சா அழுதுடுவீங்க. நான் பார்த்துக்கறேன்.”

நாத்தனார் கைப்பையை இடுக்கிக்கொண்டு சத்து மாத்திரைக் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். அண்ணி பின்னாலேயே போனாள். போக வேண்டாம் என்று ஒரு மனம் சொன்னது. போகாமல் இருக்கவும் முடியவில்லை.

கடை பளிச்சென்று இருந்தது. எலும்புக்கு ஓர் அலமாரி, கண்ணுக்கு ஒன்று, முடிக்கு ஒன்று. மனித உடம்பைக் கழற்றித் தனித்தனியாக அடுக்கி வைத்ததுபோல. அண்ணியின் கை தானாக ஒரு பாட்டிலை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தது.

“வாங்கம்மா. என்ன வேணும்?” கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எழுந்தார்.

நாத்தனார் பாதி காலியான பாட்டில் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து டக்கென்று மேஜைமேல் வைத்தாள்.

“இது உங்க கடையில வாங்கினதா?”

“ஆமா, நம்ம ஸ்டிக்கர்தான். வைட்டமின் ஈ. கொஞ்சம் பவர் ஜாஸ்தியானது.”

“ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களுக்கு இதைக் கொடுக்கலாமா?”

“அய்யோ, கூடாதும்மா. ரெண்டும் சேர்ந்தா லேசா அடிபட்டாக்கூட உள்ளே ரத்தம் நிக்காது. டாக்டரையோ பார்மசிஸ்டையோ கேட்டுட்டு வராம நான் தொடவே விடமாட்டேன்.”

“நல்லா ஒப்பிக்கறீங்க! அப்ப எங்க அண்ணனுக்கு எப்படிக் கொடுத்தீங்க?”

கடைக்காரர் விழித்தார். நாத்தனாருக்குக் குரல் உடைந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்தார். தலையில சின்ன வீக்கம், அவ்வளவுதான். எழுந்து உக்காந்து, ‘தரைக்கு ஒண்ணும் ஆகலையே’ன்னு கேட்டுச் சிரிச்ச மனுஷன். சாயங்காலம் பேச்சு குழறிச்சு. ஆஸ்பத்திரியில டாக்டர் இந்தப் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, ‘இதை யார் சாப்பிடச் சொன்னது?’ன்னு கேட்டார். பதில் சொல்ல அண்ணனுக்கு நினைவில்லை. மறுநாள் அண்ணனே இல்லை.”

கடைக்காரர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு பாட்டிலையே பார்த்தார்.

“தொப்பி சாரா? வழுக்கைக்கு வாடகை வீடுன்னு சொல்லித் தொப்பியைத் தட்டிக் காட்டுவாரே, அவரா? ஆளையே காணோமேன்னு நேத்துகூட நினைச்சேன்.” அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஜோக். யாரோ ஒருவர் வாயிலிருந்து அது வந்ததும் அண்ணி ஓரடி முன்னால் வந்தாள்.

“நீங்கதான் சாப்பிடச் சொன்னீங்களா?” என்று கேட்டாள். முகத்தில் கோபமே இல்லை. குரல் ஏறக்குறையக் கெஞ்சியது. ‘ஆமாம்’ என்று இந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். ராத்திரியெல்லாம் தூங்கவிடாமல் நெஞ்சில் உட்கார்ந்திருப்பதை இந்த மேஜையிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போய்விடலாம்.

“சத்தியமா இல்லைம்மா. ‘வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?’ன்னு முதல்லயே கேட்டேன். சொன்னார். ‘அப்ப தரமாட்டேன் சார்’னேன். ‘ஞாபகம் மங்குதய்யா, இது அதுக்கு நல்லதாம். பெண்டாட்டி பேரை மறந்துட்டா வீட்டுக்குள்ள விடமாட்டா’ன்னு சிரிச்சார். பார்மசிஸ்டைக் கேட்டுட்டு வாங்கன்னு வெறுங்கையோட அனுப்பிட்டேன்.”

“அப்புறம்?”

“அடுத்த வாரமே வந்துட்டார். ‘கேட்டாச்சு, சாப்பிடச் சொல்லியாச்சு’ன்னார். படிச்சவங்களே சொன்னப்புறம் நான் என்னம்மா மறுக்கறது?”

நாத்தனார் நிமிர்ந்தாள். இத்தனை நாள் தேடிய கழுத்து கையில் சிக்கிவிட்டதுபோல் அவள் கண் மின்னியது.

“எந்தப் பார்மசிஸ்ட்? எந்தக் கடை?”

கடைக்காரர் அண்ணியை ஒரு முறை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தார். “பேரெல்லாம் தெரியாதும்மா. விடுங்க. போனவர் திரும்பி வரப்போறாரா?”

“எப்படி விடறது? கேட்ட மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை விசாரிக்கத் தெரியாம அது என்ன பார்மசிஸ்ட்? லைசென்ஸைக் கிழிச்சுக் கையில கொடுக்காம நான் ஓயமாட்டேன்.”

“வா, போகலாம்,” என்றாள் அண்ணி.

“நீங்க சும்மா இருங்க அண்ணி. நல்லவங்களா இருந்து நாம கண்டது போதும். சார், சொல்லப்போறீங்களா, இல்ல நான் போலீஸுக்குப் போகட்டுமா?”

கடைக்காரர் துடைப்பதை நிறுத்தவில்லை. தலையும் நிமிரவில்லை.

“அவர் எந்தக் கடைக்கும் போகலைம்மா. ‘கடைக்கு எதுக்கய்யா போகணும்? சாப்பிடறப்பவே கேட்டுட்டேன். பாவம், நாளெல்லாம் நின்ன களைப்பு. தட்டுல இருந்து தலையைத் தூக்காமலே, சத்து மாத்திரைதானே, சாப்பிடுங்கன்னுட்டா’ன்னார்.”

நாத்தனார் மெல்லத் திரும்பி அண்ணியைப் பார்த்தாள். மருந்துக் கடையில் வெள்ளைக் கோட்டோடு நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும் வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காமல் ஒரு வில்லைகூடக் கொடுத்தறியாத அண்ணி அவள். கணவரிடம் மட்டும் அதைக் கேட்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. அந்த இன்னொரு மாத்திரையைத் தினமும் அவர் உள்ளங்கையில் வைத்தவளே அவள்தான்.