வலது சக்கரம்

அவர் சைக்கிள் கடை வைத்த நாளிலிருந்து இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

இந்த வண்டிக்கு வலது கால் எது?

கேட்டவள் வண்டியில்தான் உட்கார்ந்திருந்தாள். மூன்று சக்கர வண்டி. கையால் சுற்றும் பெடல். மரகதத்துக்கு இரண்டு கால்களும் சிறுவயதிலேயே சூம்பிவிட்டன. ரேஷன் கடைக்கும் தையல் கடைக்கும் சினிமாவுக்கும் அவளுக்கு அந்த வண்டிதான்.

நாளை மறுநாள் கல்யாணம்.

"மாமியா சொல்லிட்டாக அண்ணாச்சி. மருமக வலது காலை எடுத்து வச்சுத்தான் வீட்டுக்குள்ள வரணுமாம். முடியலைன்னா ரெண்டு பொம்பளைக தூக்கிட்டு வந்து, காலைத் தரையில தொட வப்பாகளாம்."

கொஞ்சம் நிறுத்தினாள்.

"ஊரு பாக்க என்னைய யாரும் தூக்கக் கூடாது."

அவர் வண்டியை முன்னாலிருந்து பார்த்தார். முன்னால் ஒற்றைச் சக்கரம். வலதுமில்லை, இடதுமில்லை, எந்தக் கட்சியிலும் சேராத ஆள். பின்னால் இருக்கும் இரண்டில் ஒன்று வலது. ஆனால் அது நுழையும் முன்பே பெண் நுழைந்திருப்பாள்.

ரிவர்ஸில் போகலாம். வீட்டுக்கு முதுகைக் காட்டுகிறாள் என்று மாமியார் சண்முகத்தாய் அதற்கும் ஒரு சாஸ்திரம் சொல்லுவாள். நேரம் பார்த்துத் தும்முகிற மனுஷி அவள். ஒருமுறை, ராகு காலம் முடியட்டும் என்று வந்த தும்மலை ஒன்றரை மணி நேரம் மூக்கிலேயே வைத்திருந்தாள். அவர் பக்கத்தில் நின்று பார்த்தவர்.

குழந்தை சைக்கிளிலிருந்து ஒரு குட்டிச் சக்கரத்தைக் கழற்றினார். இரும்புக் கம்பியில் கோத்து, வண்டியின் வலப்பக்கம், முன்சக்கரத்துக்கும் முன்னால் நீட்டி வைத்துப் பற்றவைத்தார்.

மஞ்சள் பெயிண்ட் அடித்தார். ஒரு கொலுசும் மாட்டினார். கால் என்றால் கால்.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தான். பின்னால் தனக்கும் ஒரு சீட்டு வேண்டுமாம்.

"நீ ஓட்டலையாடே?"

"அவ ஓட்டட்டும் அண்ணாச்சி. எனக்கு இதெல்லாம் ஓட்ட வராது."

பழைய ஸ்கூட்டரின் சீட்டு ஒன்று கிடந்தது. அதையும் பற்றவைத்தார்.

வெள்ளோட்டத்தில் வண்டி வலது பக்கமாகவே இழுத்தது. தபாலாபீசுக்குப் புறப்பட்டவர் மூன்று தடவை தன் கடை வாசலுக்கே வந்து சேர்ந்தார்.

"கோயில் பிரகாரம் சுத்த அருமையான வண்டிவே!" என்றார் எதிர் டீக்கடைக்காரர்.

சுத்தியலால் நாலு போட்டதும் வண்டிக்கு நேர்ப்பாதை புரிந்தது.

கோயிலில் தாலி கட்டும்போது சண்முகத்தாயைக் காணோம். வீட்டில் வேலை கிடக்கிறதாம். பெண் வீட்டார் அதை முதலில் மெதுவாகப் பேசினார்கள். பிறகு அவ்வளவு மெதுவாகப் பேசவில்லை.

ஊர்வலம் கிளம்பியது. மரகதம் கைப்பெடலைச் சுற்றினாள். பின் சீட்டில் மாப்பிள்ளை, மாலையோடு, மந்திரி மாதிரி. அவள் சுற்றிய வேகத்தில் நாயனக்காரர் மூச்சை வாசிப்பதற்கு வைத்துக்கொள்வதா ஓடுவதற்கு வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் வந்தார்.

தெரு திரும்பியதும் கூட வந்த சைக்கிள் கடைக்காரர் சட்டென்று நின்றார்.

சண்முகத்தாய் வீட்டு வாசலில் படி உண்டு. முழங்கால் உயரம்.

வலது சக்கரம், வலது சக்கரம் என்று இரண்டு நாளாய் யோசித்த மண்டையில் படி ஏறவே இல்லை.

மரகதத்தின் கைகளைப் பார்த்தார். பெடலில் அப்படியே நின்றிருந்தன. அவளுக்கும் இப்போதுதான் ஞாபகம் வந்திருக்கிறது.

கதவு நிலையின் இரு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு, வாசலை அடைத்து நின்றாள் சண்முகத்தாய்.

"அங்கனயே நில்லுங்க. யாரும் உள்ள வரப்பிடாது."

மேளம் நின்றது.

பெண்ணைத் தூக்குவதற்கென்று சொல்லிவைத்த பெண்கள் இரண்டு பேரும் சேலையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

"ஒங்களையுந்தான் சொல்லுதேன்."

அப்போதுதான் அவர் கீழே பார்த்தார்.

படி இல்லை.

அது இருந்த இடத்தில், நிலையிலிருந்து தெரு வரைக்கும் ஒரு சரிவு. ஈரம் மினுங்கியது. சண்முகத்தாயின் முழங்கை வரைக்கும் சிமெண்டு.

"கொத்தன் வாரேன்னுட்டு வரல. நானே பூசுனேன். இன்னும் காயல."

சண்முகத்தாயின் கொழுந்தனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மதினி, நல்ல நேரம் முடியப் போகுது."

அவள் காதில் விழுந்தது.

வாசலிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். ஓலை விசிறியை எடுத்து, அவசரமே இல்லாமல், சிமெண்டுக்கு வீச ஆரம்பித்தாள்.