முப்பத்துநாலும் ஒரே வரியில்

"எனக்கு எல்லாமே போயிடுச்சும்மா! என்னத்தப் பண்ணி வச்சிருக்க?"

மேலாளர் தன் அறையிலிருந்து போட்ட சத்தத்தில் அவள் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

வெள்ளிக்கிழமை, மணி நாலேகால். ஐந்துக்குள் புரோகிராமை ஒப்படைத்துவிட்டு ஐந்தரைக்குள் காப்பகத்துக்குப் போய் மகளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இந்த வாரம் இரண்டு நாள் தாமதம். மூன்றாவது முறையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நேற்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவதல்ல.

நிறுவனத்தில் எல்லோரும் கணினியில் திறக்கும் ஃபார்ம் ஒன்று. அதில் பட்டன், பெட்டி, பட்டியல் என்று முப்பத்துநாலு சாமான்கள். வேலையை விட்டு அனுப்பப்படுகிறவர்கள் திங்கட்கிழமை வந்து அதைத் திறந்தால் ஒன்றுகூடக் கண்ணில் படக் கூடாது. 'வெளியேறு' பட்டன் மட்டும் இருக்கலாம்.

அவர்கள் யார் யார் என்று தலைமை அலுவலகமே நேராகப் பட்டியலை ஏற்றிவிடும். அதுவரை சோதித்துப் பார்க்க 9999 என்று இல்லாத ஊழியருக்கு ஓர் எண்ணைப் போட்டு வைத்திருந்தாள்.

"பாவம் பாத்தா வேலை நடக்காதும்மா" என்று மேலாளர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

ஒவ்வொன்றாக மறை என்பது அவர் கட்சி. மறைக்க முப்பத்துநாலு வரி, திரும்பக் காட்ட இன்னொரு முப்பத்துநாலு வரி. இருபது வருடத்துக்கு முன்னால் அவர் அப்படித்தான் எழுதினாராம்.

அவள் கேட்கவில்லை. ஃபார்மில் இருப்பதையெல்லாம் சுற்றிவந்து மறைக்கும்படி முதலில் எழுதினாள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாக, 'வெளியேறு' பட்டனும் சேர்ந்து மறைந்தது. சோதித்துப் பார்க்க உட்கார்ந்த மேலாளர் வெளியே வர வழியில்லாமல் வயரைப் பிடுங்கினார். அந்தக் கதை சாப்பாட்டு நேரத்துக்குள் மாடிவரை போய்விட்டது.

பிறகு முப்பத்துநாலையும் ஒரே பேனலுக்குள் தள்ளினாள். பேனலை மறைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் கூடவே மறையும். ஒரே வரி. மூன்று மணிக்கு எல்லாம் சரியாக இருந்தது.

இப்போது அவர் அறைக்குப் போய்ப் பார்த்தாள். வெறும் சாம்பல் நிறத் திரை. மூலையில் 'வெளியேறு'.

தன் எண்ணைப் போட்டுப் பார்த்தாள், எல்லாம் தெரிந்தது. பக்கத்து மேசைக்காரர் எண்ணிலும் தெரிந்தது. 9999க்கு மறைந்தது. மறையத்தான் வேண்டும்.

இவருக்கு மட்டும் என்ன கேடு?

அவருடைய கணினியில்தான் கோளாறென்று புரோகிராமை அழித்து மறுபடி போட்டாள். மாறவில்லை. தன் கணினியில் அவர் எண்ணைத் தட்டினாள். அங்கேயும் 'வெளியேறு'. நாலு முறை தட்டினாள், நாலு முறையும் அதேதான்.

"முடிஞ்சுதா?"

ஆபீசில் அவருக்குப் பட்டப்பெயரே அதுதான். அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டார். எரிச்சல் மண்டைக்கு ஏறியது. இந்த மனுஷனையே கண்ணில் படாமல் மறைக்க ஒரு வரி இருந்தால் அதை முதலில் எழுதுவேன் என்று நினைத்தாள்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு புரோகிராமை மேலிருந்து கீழே படித்தாள். ஒரு தப்பும் இல்லை. அதுதான் அவளை இன்னும் வெறுப்பேற்றியது. தப்பு இருந்தால் திருத்திவிட்டுப் போகலாம்.

நாலே முக்கால். மிச்சம் பார்க்காதது பட்டியல் மட்டும்தான். அதில் அவள் போட்ட 9999ஐத் தவிர என்ன இருக்கப்போகிறது?

திறந்தாள்.

9999க்குக் கீழே பன்னிரண்டு எண்கள் இருந்தன. நாலு மணிக்குத் தலைமை அலுவலகம் ஏற்றியிருந்தது.

ஏழாவது எண்ணை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. சற்று முன்தான் நாலு முறை தட்டியிருந்தாள். ஆனாலும் விரலை வைத்து ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்தாள்.

சட்டென்று பட்டியலை மூடினாள்.

மேலாளர் நெற்றிக்கு ஏற்றியிருந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டு குனிந்தார்.

"என்னம்மா தப்பு?"

காலையிலிருந்து அவள் அவரை மனசுக்குள் திட்டிய அத்தனையும் நினைவுக்கு வந்தது.

"என் தப்புதான் சார். சரி பண்ணிடறேன்."

"இதுக்குத்தான் ஒண்ணொண்ணா மறைன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்" என்றபடி அவர் தன் அறைக்குப் போனார்.

அவள் ஒரு வரி சேர்த்தாள். அந்த ஓர் எண்ணுக்கு மட்டும், இன்றைக்கு மட்டும், பேனல் தெரியட்டும்.

முப்பத்துநாலும் அவர் திரையில் திரும்பி வந்தன. "அப்பாடா" என்று அவர் சொன்னது கண்ணாடிக் கதவைத் தாண்டிக் கேட்டது. திங்கட்கிழமைக்கு வரவேண்டிய சரக்குக்கு ஒவ்வொன்றாக ஒப்புதல் கொடுக்க ஆரம்பித்தார்.

மணி ஐந்தே கால். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். இப்போதே ஓடினால் ஐந்தரைக்குள் மகளைக் கூட்டிக்கொள்ளலாம்.

"முடிஞ்சுதா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "முடிஞ்சுதுன்னா சொல்லு, தலைமை அலுவலகத்துக்கு நானே மெயில் போட்டுடறேன். அப்பத்தான் திங்கட்கிழமை மறைக்கிற வேலையை ஆரம்பிப்பாங்க."

அவள் பையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"இன்னும் இல்ல சார்."