சாலைச் செம்மலின் சத்தியம்

“இந்த மனிதரை என் வாழ்நாளில் இன்றுதான் பார்க்கிறேன், ஐயா!”

சொல்லிவிட்டுக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார் ரோடு காண்டிராக்டர் கிருஷ்ணப்பன். எண்ணூர் வட்டாரத்தில் அவருக்குச் ‘சாலைச் செம்மல்’ என்று பட்டம். கொடுத்தது அவரே. ஊரெல்லாம் ஃப்ளெக்ஸ் கட்டி அறிவித்ததும் அவரே.

தொழிலாளர் இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் அதிகாரி, எதிரே ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த சிலுவைமுத்துவைப் பார்த்தார். அவனுடைய இடது கால் மடங்க மறுத்து மேசைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்தது.

“நீங்க என்ன சொல்றீங்க?”

“இவராண்ட அஞ்சு வருசம் வேல செஞ்சேன் சார். எண்ணூர் ரோட்டுல பள்ளத்துக்குத் தார் போட்டுகினு இருந்தோம். கன்டெய்னர் வண்டி வந்து ஏறிடுச்சி.”

“தடுப்பு எதுவும் வைக்கலையா?”

“ஒரு வேப்பங்கிளைய ஒடிச்சி நட்டாங்க சார். அத்தயும் சேத்துதான் ஏத்தினான்.”

கிருஷ்ணப்பன் கனைத்தார். “பாதுகாப்பு என் உயிர்மூச்சு, ஐயா. ஆண்டுதோறும் பாதுகாப்பு வாரம் கொண்டாடுகிறவன் நான். என் பணியாளர்களில் இப்படி ஒரு பெயரே கிடையாது. பாவம், யாரோ வழிப்போக்கர். சாலையைக் கடந்திருப்பார்.”

“தலையில தார்ச் சட்டியோடவா?” என்றாள் பின்னால் நின்ற டோரதி. சிலுவைமுத்துவின் மனைவி.

“அம்மா, உங்க முறை வரும்.”

“சீக்கிரம் வரட்டும் சார். மழை வர்ற மாதிரி கீது. நான் வூட்டுக் கூரைய அவுத்துட்டு வந்துகீறேன்.”

அவள் சொன்னது அதிகாரிக்குப் புரியவில்லை. அவள் காலடியில் கயிறு போட்டுக் கட்டிய ஒரு நீள உருளை கிடந்தது. அதையும் அவர் கவனிக்கவில்லை. மேலிடத்திலிருந்து போன் வந்ததால், எல்லோரையும் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னார்.

வராந்தாவில் ஆட்டோக்காரன் கஸ்பார் காத்திருந்தான். அவர்களுடைய தெருக்காரன்தான்.

“இன்னா அமரரே, கேஸு இன்னா ஆச்சி?”

“உன் வாயில வசம்ப வெச்சித் தேய்க்க! இங்க வந்துமா அந்தப் பேரு?” என்று டோரதி பாய்ந்தாள்.

“தெருவே அப்டித்தான்க்கா கூப்புடுது. நான் மட்டும் இன்னா பண்றது?”

சிலுவைமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. சட்ட உதவி மையம் அனுப்பிய வக்கீல் ஜஸீமாவின் பக்கம் திரும்பினான்.

“நம்மாண்ட ஒரு சீட்டு இல்ல, கார்டு இல்ல மேடம். கூட இருந்தவனெல்லாம் சாட்சி சொன்னா வேல போயிடும்னு பயப்படறான். வண்டிக்காரனும் நிக்காமப் போய்ட்டான். இந்தக் காலோட இனிமே சட்டி தூக்க முடியாது. இந்தக் கேஸும் போச்சின்னா புள்ளைங்களுக்கு இன்னா பதில் சொல்லுவேன்?”

“சீட்டு இல்லைன்னா கேஸே இல்லைன்னு சட்டத்துல இல்லைங்க. அவர்கிட்ட வேலை பார்த்தீங்க, அந்த வேலையிலதான் அடிபட்டுச்சு. இந்த ரெண்டும் தெரிஞ்சா போதும்.”

“இவ தூக்கினு வந்ததையெல்லாம் ஆபீசுல ஒத்துக்குவாங்களா?”

“பார்க்கலாம். அதுக்கு முன்னாடி அவர் நல்லாச் சத்தியம் பண்ணி முடிக்கட்டும். பாதியில தடுத்தா பாவம்.”

மறுபடி உள்ளே கூப்பிட்டார்கள். ஜஸீமா கிருஷ்ணப்பனிடம் மிகவும் பணிவாகக் கேட்டாள்:

“ஒரு தடவைகூட இவரோட பேசினதில்லையா சார்?”

“இல்லை.”

“பக்கத்துல நின்னதுகூட?”

“என்னைப் பெற்ற தாய்மேல் ஆணை! இல்லை!” மறுபடி கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

“பதிவு பண்ணிக்கணும் சார்” என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு, “டோரதி, பிரிங்க” என்றாள்.

கயிறு அவிழ்ந்தது. உருளை அறை நீளத்துக்கு ஓடி, கிருஷ்ணப்பனின் செருப்பில் முட்டி நின்றது. அடுப்புப் புகை படிந்த ஃப்ளெக்ஸ். முக்கால் பாகம் கிருஷ்ணப்பனின் முகம். அதன் கண்ணோரத்தில் வரைந்து சேர்த்த ஒரு சொட்டுக் கண்ணீர். மூலையில் சின்னதாக இன்னொரு படம்: பாதுகாப்பு வார விழாவில் அவர் தன் கையாலேயே சிலுவைமுத்துவுக்கு ஹெல்மெட் மாட்டிவிடுகிறார். படம் எடுத்து முடித்ததும் திரும்ப வாங்கிக்கொண்ட ஹெல்மெட்.

கிருஷ்ணப்பன் நெஞ்சிலிருந்த கையை எடுத்துவிட்டார்.

“என்னம்மா இது?” என்றார் அதிகாரி.

“எங்க அடுப்பாங்கரைக் கூரை சார். அதுக்கு முன்னாடி எங்க தெருமுனையில இருந்துச்சி. இந்த ஐயாதான் கட்டினாரு. அடிபட்டப்போ இவரு ஆளு ஆஸ்பத்திரிக்கு வந்தான். எங்க வூட்டுக்காரர ஆபரேசனுக்கு இட்டுகினு போயிருந்தாங்க, பெட்டு காலி. அவன் அத்தப் பாத்துட்டுப் போயி இன்னாத்த சொன்னானோ, விடியறதுக்குள்ள கட்டிட்டாங்க. ஐயா எலக்சன்ல நிக்கப் போறாரில்ல! அப்பால அவுக்க ஒருத்தனும் வரல. மழைக்கு ஒயுவுதேன்னு நான் அவுத்து மேல போட்டுகினேன்.”

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குனிந்து, டைப்பிஸ்ட்டுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தார்:

“கண்ணீர் அஞ்சலி! எமது நிறுவனத்தில் ஐந்தாண்டுகள் அரும்பணியாற்றி, சாலைப் பணியின்போதே இன்னுயிர் ஈந்த என் உடன்பிறவாத் தம்பி, அமரர் சிலுவைமுத்து! ஆற்றொணாத் துயரில், சாலைச் செம்மல் கிருஷ்ணப்பன்.”

டைப்பிஸ்ட் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஒரு எழுத்து விடாம அடிம்மா” என்றார் அதிகாரி. வெளியே தூறல் விழ ஆரம்பித்திருந்தது. டோரதி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சிலுவைமுத்து ஊன்றுகோலை ஊன்றி மெல்ல எழுந்து, அதிகாரிக்கு ஒரு கும்பிடு போட்டான்.

“அந்த அமரர் நான்தான் சார்.”