ஒற்றைக் கை நாற்காலி

“கையை எடுங்க மேஸ்திரி! அந்தப் பக்கம் ஒரு ஆணி அடிச்சீங்க, நான் பொல்லாதவளாயிடுவேன்!”

தச்சர் சுத்தியலைத் தாழ்த்தினார். பட்டறை வாசலில் வேன் உறுமிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்குள் நாற்காலி கண்காட்சிக்குப் போயாக வேண்டும். தவறினால் அதை வடிவமைத்த அவளுடைய ஆறு மாத உழைப்பு அம்போ.

“இடப்பக்கம் கை இருக்கு, வலப்பக்கம் மொட்டை. உட்கார்றவன் உருண்டு விழ மாட்டானாம்மா? உயரமும் நாலு விரல் கூடுதல்.”

“அப்பா படத்துல அப்படித்தான் இருக்கு. ஒரு நூல்கூட மாத்தக் கூடாது.”

“படம் சுவத்துல தொங்கும்மா. நாற்காலியில மனுஷன் உட்காரணும்.”

அவளுடைய அப்பா பேர்பெற்ற அரூப ஓவியர். மரத்தை மரமாகவோ மனிதரை மனிதராகவோ வரைந்ததே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் அவருடைய வலப்பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோனது. அதன்பின் படுத்தபடியே, இடக்கையால், ஒரே படத்தைத்தான் திரும்பத் திரும்ப வரைந்தார். கீழே சிவப்புக் கட்டம், மேலே நீலக் கட்டம், ஓரத்தில் ஒற்றைக் கறுப்புக் கோடு. பதினேழு முறை, அளவுகூட மாறாமல்!

விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஒவ்வொரு படத்தையும் சட்டம் போடக் கொண்டுபோகும்போது அப்பா தூரிகையை வீசியெறிந்து அழுவார். கலைஞனின் தவிப்பு என்று எழுதினார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

“அப்பா ஒரு தடவை பார்த்துடட்டும். அப்புறம் ஏத்திடலாம்.”

பட்டறையை ஒட்டியே வீடு. இருவருமாகத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலருகே வைத்தார்கள்.

“பாருங்க, உங்க படத்தையே நாற்காலியாக்கிட்டா உங்க பொண்ணு” என்றாள் அம்மா.

அப்பா வெகுநேரம் பார்த்தார். இன்னும் கிட்டே என்று விரலால் சைகை செய்தார். கட்டிலை ஒட்டித் தள்ளினார்கள். இடக்கையை நீட்டி, நாற்காலியின் ஒற்றைக் கையை எட்டிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்.

“ஐயோ அப்பா, விழுந்துடுவீங்க!”

“இருங்கம்மா, தொடாதீங்க” என்று தடுத்தார் தச்சர்.

மெத்தையின் உயரமும் இருக்கையின் உயரமும் மயிரிழை பிசகவில்லை. தடுக்கக் கை இல்லாத அதன் வலப்பக்கம் வழியாக, அப்பா அப்படியே நகர்ந்து வந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். யாரும் தூக்கிவிடாமல், இரண்டு வருடத்தில் முதல்முறையாக.

வெளியே ஹாரன் அலறியது. யாரும் அசையவில்லை.

தச்சர்தான் மெல்லச் சொன்னார்: “ரெண்டு வருஷமா ஐயா ஒரு நாற்காலி கேட்டிருக்கார்ம்மா. நீங்க அதை சட்டம் போட்டு மாட்டியிருக்கீங்க.”