ரேகை வந்துவிட்டது

கட்டி முடிக்காத படிக்கட்டின் இடுக்கு வழியாக உச்சி வெயில், சுவர் பூசும் பூச்சுக்காரனின் கைபேசிமேல் விழுகிறது. நானும் மேஸ்திரியும் அதன்மேல் கவிழ்ந்து நிற்கிறோம். மணல் குவியலுக்கு அப்பால் என் தங்கை முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். அவள் கலவைக்குள் சறுக்கி விழுந்து, வாயெல்லாம் சிமெண்டோடு எழுந்ததைப் படமெடுத்து, விளையாட்டாக ஒரு வீடியோ தளத்தில் போட்டவன் இந்தப் பூச்சுக்காரன்தான். ஊரே பார்த்துச் சிரித்துவிட்டது. நான் எழுத்துக்கூட்டி மூன்று முறை புகார் எழுதினேன். அந்தத் தளத்தில் எதைப் போட்டாலும் கேட்க நாதியில்லை. போட்டவனே அழிக்கலாமென்றால், அவன் கணக்கு கைரேகை வைத்தால்தான் திறக்கும். ரகசிய எண் மறந்துபோயிற்று, ரேகையைச் சிமெண்டு தின்றுவிட்டது. அதனால் எட்டு நாளாகப் பூச்சு வேலையை விட்டு, ரேகை வளர விரலில் எண்ணெய் தடவிக்கொண்டு, இடது கையால் குழாய் பிடித்துச் சுவருக்குத் தண்ணீர் அடிக்கிறான்.

"புது மாப்பிள்ளை கை மாதிரி ஆயிடுச்சு, அழுத்துடா," என்கிறார் மேஸ்திரி.

"இருங்கண்ணே, எண்ணெ வழுக்குது."

கைபேசி அதிர்ந்து மறுக்கிறது. விரலைச் சட்டையில் துடைத்து மறுபடி வைக்கிறான். திறக்கிறது. குப்பைத்தொட்டிப் படத்தைத் தொட்டதும் வீடியோ இருந்த இடம் வெள்ளையாகிறது. நான் உரக்கப் படிக்கிறேன்: 'இங்கே எதுவும் இல்லை.' நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்குகிறது. தங்கை சோற்று டப்பாவோடு எழுந்து வருகிறாள்.

"இன்னொரு தடவ படிண்ணே."

படிக்கிறேன். பூச்சுக்காரன் தலையைக் குனிந்துகொள்கிறான். அவள் டப்பாவால் அவன் தோளில் இடிக்கிறாள்.

"தள்ளி உக்காரு, எருமை."