புல்வெளியில் ஒரு மரப்பேடு

சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கிவிட்டு, வனத்துறைக்காரர்கள் அந்த நிலத்தில் மறுபடி புல் வளர்த்தார்கள். புல்வெளிப் பறவைகளான வரகுக்கோழிகள் நம்பி வந்து இறங்கட்டும் என்று மரத்தால் ஒரு பேடு செய்து, வர்ணம் பூசி, நடுவில் வைத்தார்கள்.

முதலில் வந்தது ஒரு சேவல். மழைக்காலம் முடிவதற்குள் அதற்கு ஜோடி சேர வேண்டும். விட்டால் அடுத்த மழை வரை தனிமைதான். புல்லுக்கு மேலே எம்பி எம்பிக் குதித்துக் காட்டியது. மரப்பேடு அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மாப்ளே, அது வெறும் கட்டை" என்றது அங்கே பறந்து வந்த கரிச்சான் குருவி. சேவல் நம்பவில்லை. உடனே கரிச்சான் பருந்தின் குரலில் கத்தியது. சேவல் புதருக்குள் பாய்ந்தது. மரப்பேடு அசையவில்லை.

"அடேயப்பா, என்ன தைரியம் அவளுக்கு!" என்றது சேவல், புதருக்குள் இருந்தபடியே.

ஒருநாள் நிஜமான பேடு ஒன்று வந்து இறங்கியது.

"நல்லாத்தான் குதிக்கிறீங்க. இறங்குறப்ப மட்டும் ஏன் தொப்புன்னு விழுறீங்க? சரி வாங்க, அந்தப் பக்கம் வெட்டுக்கிளி நிறைய இருக்கு."

சேவலுக்கு முகம் சுருங்கியது. "வந்ததும் வராததுமா குறை சொல்றியே. இவ இதுவரைக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாளா?"

பேடு இருவரையும் மாறிமாறிப் பார்த்தது. பிறகு பறந்துபோய்விட்டது.

மழை ஓய்ந்தது. வனத்துறை ஆள் ஒருவர் வந்து, மரப்பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

"பார்த்தியா?" என்றது சேவல் கரிச்சானிடம். "பிரியறப்பகூட என்னை ஒரு குறை சொல்லலை."