லாபிரின் டாங்கி

துறைமுகப் பட்டறைக் கண்காட்சியில் லாபிர் செய்த, ரேடியோவில் ஓடும் பொம்மை டாங்கியைச் சுற்றித்தான் கூட்டம். முனாப் செய்த பொம்மைக் கப்பலை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

"பீரங்கியும் திரும்புமாம்! அதுக்குத் தனியா மோட்டர் பூட்டியிருக்கிறான்" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

முனாப்புக்கு வயிறு எரிந்தது. எல்லோரும் தேத்தண்ணி குடிக்கப் போனதும் டாங்கியைத் திறந்து, குறட்டால் அந்த மோட்டரின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றிப் பூட்டினார். ரிமோட்டில் இடப்பக்கம் அமத்தினால் வலப்பக்கம் திரும்பட்டும், ஊரே சிரிக்கட்டும்!

நடுவர்கள் வந்தார்கள். பீரங்கி சொன்ன பக்கமே திரும்பியது. கிண்ணம் லாபிருக்கு.

லாபிர் முனாப்பிடம் ஓடிவந்தான். "முனாப் நானா, காலையிலதான் கண்டனான், பக்கம் மாறித் திரும்பினது. சரிக்கட்ட நேரம் கிடைக்கேல்ல. ஆரோ ஒரு நல்ல மனுசன் வயரை மாத்திப் பூட்டியிருக்கிறார். ஆளைத் தெரிஞ்சா இந்தக் கிண்ணத்தையே குடுத்திடுவன்!"

முனாப் சட்டைப்பையில் துருத்திய குறட்டைக் கையால் பொத்திக்கொண்டார்.